ஏழாவது ஜெபக் குறிப்பு

மதுரைக்கு எதுக்குப் போனீங்கன்னு கேட்டேல்லா? ஒரு பேரு கேக்கப் போனேன்ம்மா. ஒரே ஒரு பேரு. அதுக்கு நூத்தம்பது கிலோமீட்டர் பஸ்ஸுல போயி, ரெண்டு நாள் தங்கி, இப்பத் திரும்பி வாரேன். பேரு கிடைக்கல.

யாரு பேருன்னா, என் பேத்தி பேரு. பிறந்து ரெண்டு நாள்தான் இருந்தா. செத்துப் பதினாலு மாசம் ஆகுது. பிறந்ததும் எனக்குத் தெரியாது, செத்ததும் எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியிலயே ஞானஸ்நானம் குடுத்து, பேரு வச்சு, அடக்கம் பண்ணி எல்லாம் முடிஞ்சிருக்கு. அவளப் பெத்தவளைப் பெத்தவ நான். எனக்குப் போன வாரம்தான் தெரியும்.

அப்படி நான் என்ன செஞ்சேன்னு நீயே சொல்லு. முழுசாக் கேட்டுட்டுச் சொல்லு. தூத்துக்குடி வர இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்குல்லா.

நான் வயலட். வயலட் டீச்சர்னா எங்க பக்கம் எல்லாருக்கும் தெரியும். முப்பத்திரண்டு வருஷம் மிஷன் பள்ளிக்கூடத்துல மூணாங்கிளாஸ் எடுத்தேன். நீ எந்தச் சபைம்மா? ஓ, இந்துவா. சரி சரி, பரவாயில்ல. ஒனக்குப் புரியிற மாதிரியே சொல்லுறேன்.

எங்க ஊரு கோயில்ல, கோயில்னா சர்ச்சு, நாங்க கோயில்னுதான் சொல்லுவோம், வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பொம்பளைங்க எல்லாம் கூடி ஜெபம் பண்ணுவோம். முப்பது, முப்பத்தஞ்சு பேரு வருவாங்க. இருபத்தாறு வருஷமா அத நடத்துறது நான்தான். எப்படின்னா, முதல்ல எல்லாரும் அவங்க அவங்க ஜெபக் குறிப்பச் சொல்லணும். எனக்கு இன்ன கஷ்டம், என் பிள்ளைக்கு இன்ன சீக்குன்னு எந்திரிச்சுச் சொல்லணும். நான் நோட்டுல எழுதிக்கிடுவேன். பிறகு ஆளுக்கு ரெண்டு குறிப்பு, மூணு குறிப்புன்னு பிரிச்சுக் குடுப்பேன். வீட்டுல போயி வாரம் முழுக்க அதுக்காக ஜெபிக்கணும். ஒருத்தி பாரத்த இன்னொருத்தி சுமக்கணும்ல்லா? சும்மா கோயிலுக்கு வந்து சேலையப் பாத்துட்டுப் போனா அது என்ன விசுவாசம்?

சும்மா சொல்லலம்மா, கேட்டது நடந்திருக்கு. ரோஸ்லின் மகனுக்கு விசா வந்துச்சு. ஐயரம்மாவுக்கு, அதாவது எங்க குருவானவரு சம்சாரத்துக்கு, நாங்க குருவானவர ஐயருன்னு சொல்லுவோம், பித்தப்பைக் கல்லு ஆபரேஷன் இல்லாம போச்சு. லீலான்னு ஒருத்தி, புருஷன் குடிச்சுட்டு வந்து அடிக்கான்னு எங்கிட்ட மட்டும்தான் சொன்னா. வாயத் தொறந்து கூட்டத்துல சொல்ல வெக்கப்பட்டா. நான்தான் அவளுக்காகச் சொன்னேன். ஆறு மாசத்துல அவன் குடிய விட்டான். ஆனா லீலா இப்ப எங்க கோயிலுக்கு வாரதில்ல. பக்கத்து ஊருல போயி கும்பிடுதா. என்னைய ரோட்டுல பாத்தா அந்தப் பக்கம் திரும்பிக்கிடுதா. நன்மை வாங்கினவங்க அப்படித்தான்ம்மா. என்ன செய்ய.

என் மக ஷீபா. ஒரே மக. சின்னதுல இருந்தே வாயத் தொறக்க மாட்டா. ஏழு வயசு வரைக்கும் படுக்கையில ஒண்ணுக்குப் போவா. டாக்டர்கிட்டக் காட்டியாச்சு, மருந்து குடுத்தாச்சு, நிக்கல. வெள்ளிக்கிழமை குறிப்புல சொன்னேன். முப்பது பேரு ஜெபிச்சாங்க. அந்த ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில எந்தப் பிள்ளையோ கேலி பண்ணியிருக்கு போல. வீட்டுக்கு வந்து கொல்லையில உக்காந்துக்கிட்டா. சாப்பிடக் கூப்பிட்டா வரல. "என்னையக் குறிப்புல போடாதம்மா"ன்னு மட்டும் சொன்னா. அதையேதான் திருப்பித் திருப்பிச் சொன்னா. ஆனா நின்னுச்சா இல்லையா? ரெண்டு மாசத்துல நின்னுட்டு. அத அவ இன்னைக்கு வரை ஒத்துக்கிட மாட்டா.

கல்யாணம் நல்லபடியாத்தான் பண்ணி வச்சேன். அவ அப்பா இல்ல, நான் ஒருத்தியே நின்னு பண்ணினேன். மாப்பிள்ளை பேரு ஆல்வின். மதுரையில மோட்டார் ரீவைண்டிங் கடை வச்சிருக்கான். எரிஞ்சு போன மோட்டாருக்குக் கம்பி சுத்துற கடை. நல்ல பையன்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனா விசுவாசத்துல அவ்வளவு ஆழம் கிடையாது. கோயிலுக்கு வந்தா கடைசி பெஞ்சுல உக்காருவான். சாப்பாட்டுக்கு முன்னால ஜெபிப்பா தம்பின்னா, "நன்றி ஆண்டவரே, ஆமென்"ம்பான். அவ்வளவுதான். ஜெபம் முடியும்போது நான் இன்னும் கண்ணே மூடியிருக்க மாட்டேன்.

நாலு வருஷம் பிள்ளை இல்ல. ஊரு சும்மா இருக்குமா? ஷீபா வந்தாலே அவ வயித்தத்தான் பாக்குங்க. அவ மாமியா வேற, "எங்க பக்கத்துல யாருக்கும் இப்படி இல்ல"ன்னு சொல்லிக்காட்டியிருக்கா. நான் ஷீபாவுக்காக நாலு வருஷமும் குறிப்புல போட்டேன். பேரு சொல்லியே போட்டேன். அதுல என்ன இருக்கு, எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே.

ஒரு தடவ நவம்பர் மாசம் வந்திருந்தா. அடுக்களையில உக்காந்து நான் மீன் அரிஞ்சுக்கிட்டு இருக்கேன். இவ பக்கத்துல வந்து உக்காந்தா. என்னமோ சொல்ல வாரான்னு தெரிஞ்சுட்டு. நான் தலைய நிமித்தல. நிமித்தினா சொல்ல மாட்டா.

"அம்மா, குறை எங்கிட்ட இல்ல."

"பின்ன?"

"அவருகிட்ட. ரிப்போர்ட் வந்துட்டு. வைத்தியம் இருக்குன்னுதான் சொல்லியிருக்காங்க. ஆனா அவருக்கு இது யாருக்கும் தெரியக் கூடாது. அவங்க அம்மாவுக்கே தெரியாது. அவங்க என்னையப் பேசும்போது அவரு பக்கத்துல நின்னு தலையக் குனிஞ்சுக்கிட்டு இருக்காரு. எனக்குப் பாவமா இருக்கு. நான்தான் பேசாதீங்கன்னு சொல்லியிருக்கேன். உங்கிட்ட மட்டும் சொல்லுறேன்."

"நான் யாருகிட்டட்டி சொல்லப் போறேன்? ஆண்டவர்கிட்டயாவது சொல்லலாம்ல்லா?"

"ஆண்டவர்கிட்டச் சொல்லு"ன்னா.

அவதான் சொன்னா, பாத்துக்கோ. ஆண்டவர்கிட்டச் சொல்லுன்னு அவ வாயாலதான் சொன்னா. இத நான் அவகிட்டப் பிறகு கிறிஸ்மஸ் அன்னைக்கு எடுத்துச் சொன்னதுக்கு, என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தா.

மூணு வாரம் நான் ஒருத்தியாத்தான் ஜெபிச்சேன். முட்டி வலிக்க வலிக்க ஜெபிச்சேன். ஆனா ஒருத்தி ஜெபிக்கிறதுக்கும் முப்பது பேரு ஜெபிக்கிறதுக்கும் வித்தியாசம் இல்லையாம்மா? இதே ஷீபாவுக்கு ஒரு கட்டி வந்து, முப்பது பேரு ஜெபிக்க ஆள் இருக்கும்போது நான் மட்டும் தனியா ஜெபிச்சா, அது பாசமா? என் மானத்துக்காகப் பிள்ளை வாழ்க்கையப் பணயம் வைக்கிறது மாதிரில்லா ஆகும். அப்படித்தான் நான் நெனச்சேன்.

அப்பப் பாத்து டிசம்பர் வந்துட்டு. கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் எங்க ஊருல சங்கிலி ஜெபம் உண்டு. ஆளுக்கு ஒரு மணி நேரம் கோயில்ல போயி முழங்கால் போடணும். ஒருத்தி எந்திரிக்கும்போது அடுத்தவ வந்து உக்காரணும், சங்கிலி அறக் கூடாது. எல்லாரும் ஒண்ணு போல ஜெபிக்கணுமேன்னு குறிப்பு எல்லாத்தையும் ஒரே தாள்ல எழுதி ஜெராக்ஸ் எடுத்துக் குடுப்போம். என் கையெழுத்துலதான் எழுதுவேன். போர்டுல எழுதி எழுதிப் பழகின கை, முத்து முத்தா இருக்கும்.

நான் பேரு போடல. சத்தியமாப் போடல. "சகோதரர் ஆ., மதுரை. மருத்துவ அறிக்கையில் உள்ள குறைவு நீங்கி, குழந்தை பாக்கியம் உண்டாக." இவ்வளவுதான் எழுதினேன். ஆறாவது குறிப்பு மழை. எட்டாவது குறிப்பு கோயில் மைக் செட் ரிப்பேர். நடுவுல ஏழாவது இது. ஐயரம்மா வாசிச்சுப் பாத்துட்டு, "டீச்சர், இது..."ன்னு இழுத்தாங்க. "அவரு அறிவாரு, நீங்க ஜெபியுங்க"ன்னு சொல்லிட்டேன். மதுரையில எங்க ஊரு மருமகன் வேற யாரு இருக்கான்னு நீ கேப்ப. யாரும் இல்லதான். ஆனா பேரு போடல.

கிறிஸ்மஸுக்கு ரெண்டு பேரும் வந்தாங்க. மாப்பிள்ளைக்கு நான் எடுத்துக் குடுத்த நீலச் சட்டைய அவன் போட்டிருந்தான். கோயில்ல கூட்டம். கடைசி பெஞ்சுல இடம் இல்லன்னு அவனப் பொம்பளைங்க பக்கத்தை ஒட்டின பெஞ்சுல உக்கார வச்சாங்க. பாட்டு நம்பர் சொன்னாங்க. பெஞ்சுல கிடந்த பாட்டுப் புஸ்தகத்த எடுத்துப் பிரிச்சிருக்கான். யாரோ அதுக்குள்ள அந்தத் தாள மடிச்சு வச்சிருக்கா. யாருன்னு எனக்கு இன்னும் தெரியாது. எத்தன தடவ சொல்லியிருக்கேன், ஜெபம் முடிஞ்சதும் தாளக் கிழிச்சுப் போடணும்னு. எவ கேக்கா?

நான் ரெண்டு பெஞ்சு தள்ளி இருந்தேன். அவன் வாசிக்கிறதப் பாத்தேன். முழுசா வாசிச்சான், பத்து குறிப்பையும். மடிச்சுச் சட்டைப் பையில வச்சான். எல்லாரும் பாட எந்திரிச்சாங்க, அவனும் எந்திரிச்சான். பாடினான்ம்மா. கடைசி வரைக்கும் பாடினான். அதப் பாத்துட்டு, சரி, பெருசா எடுத்துக்கிடலன்னுதான் நான் நெனச்சேன்.

வெளிய வரும்போது வாசல்ல ரோஸ்லின் அவன் கையப் பிடிச்சுக்கிட்டா. அவளுக்கு நல்ல மனசு. "தம்பி, நான் உங்களுக்காக ஒரு மணி நேரம் முழங்கால்ல நின்னேன். கவலப்படாதீங்க, அந்தக் குறைய ஆண்டவர் எடுத்துப் போட்டுருவாரு"ன்னா. சுத்தி நாலு பேரு நிக்காங்க. ஷீபாவும் நிக்கா.

"ரொம்ப நன்றி"ன்னான் ஆல்வின்.

வீட்டுக்கு வந்து பலகாரம் சாப்பிட்டான். கை கழுவிட்டு எங்கிட்ட வந்து, "அத்தை, உங்க கையெழுத்து ரொம்ப அழகா இருக்கு"ன்னு சொல்லிட்டுத் திண்டுல இருந்த பைய எடுத்தான். ஷீபா உள்ள போயித் துணிய எடுத்து வச்சா. பிரியாணி வெந்துக்கிட்டு இருக்கு. சாப்பிட்டுட்டாவது போங்கன்னு கெஞ்சுறேன். வாசப்படியில நின்னு திரும்பிப் பாத்தா. திட்டுவான்னு நெனச்சேன். திட்டியிருந்தாக்கூட நல்லாயிருந்திருக்கும்.

"இனி உங்கிட்டச் சொல்ல எங்கிட்ட ஒண்ணும் இல்லம்மா"ன்னா.

அதுக்கு என்ன அர்த்தம்னு அன்னைக்கு எனக்குத் தெரியல. கோவத்துல பேசுதான்னு விட்டுட்டேன்.

அப்புறம் போன் எடுக்கல. ஒரு மாசம், ரெண்டு மாசம். காலையில எந்திரிச்ச உடனே ஒரு வசனம் அனுப்புவேன். பாத்தாச்சுன்னு நீலக் கோடு விழும். பதில் வராது. ஒரு வருஷம் அனுப்பினேன். ஒரு நாளு கோடும் விழாம போச்சு. அத்தோட விட்டேன். இதையும் நான் வெள்ளிக்கிழமை சொன்னேன். "என் மக மனசு இளகணும்"னு சொன்னேன். எல்லாரும் அழுதுட்டாங்க.

இதுக்கிடையில அங்க வைத்தியம் பாத்திருக்காங்க. ஷீபா உண்டாயிருக்கா. எட்டு மாசம் சுமந்திருக்கா. வாந்தி எடுத்திருப்பா, கால் வீங்கியிருக்கும், பயந்திருப்பா. வளைகாப்பு இல்ல, ஒண்ணும் இல்ல. அவ மாமியாகிட்டயும் சொல்லல, எங்கிட்டயும் சொல்லல. ரெண்டே பேரு. எட்டாம் மாசம் வலி வந்து பொண்ணு பிறந்திருக்கு. மூச்சு ஒழுங்கா இல்லன்னு கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காங்க. டாக்டரம்மா கைய விரிக்கவும், யாரோ ஒரு ஐயரக் கூட்டிக்கிட்டு வந்து பஞ்சுல தண்ணியத் தொட்டு ஞானஸ்நானம் குடுத்திருக்காங்க. அந்த நேரத்துல நான் எங்க இருந்தேன்னு கணக்குப் பாத்தேன்ம்மா. ஆகஸ்ட் மாசம், வியாழக்கிழமை. நான் வீட்டுல உக்காந்து அடுத்த நாள் கூட்டத்துக்கு நோட்டுல கோடு போட்டுக்கிட்டு இருந்திருப்பேன்.

இதெல்லாம் எனக்கு யாரு சொன்னான்னு கேளு. ஆல்வின்தான். போன வாரம் புது நம்பர்ல இருந்து போன் வந்துச்சு.

"அத்தை, நான் ஆல்வின் பேசுறேன். நல்லா இருக்கீங்களா?"

அவன்தான் சொல்லிக்கிட்டே போனான், மெதுவா, கடையில மோட்டார் பழுதச் சொல்லுற மாதிரி. "ஷீபா கேக்க மாட்டா அத்தை. ஆனா உங்க ஞாபகம் இருக்கு அவளுக்கு. நீங்க ஒரு தடவ வந்துட்டுப் போங்க. யாருகிட்டயும் சொல்லாம வாங்க"ன்னான்.

"பிள்ளைக்குப் பேரு என்ன தம்பி?"ன்னேன்.

"அத அவ சொல்லணும் அத்தை"ன்னான்.

பாத்தியா, கிட்டத்தட்ட மூணு வருஷம் கழிச்சு அவனா போன் பண்ணுதான்னா, அது எங்க ஜெபத்துக்குக் கிடைச்ச பதில் இல்லாம என்ன? அவனுக்காத் தோணியிருக்காது. அவ்வளவு பக்குவம் அவனுக்கு ஏது?

முந்தாநாள் போனேன். ஆரப்பாளையம் பக்கம், மூணாவது குறுக்குத் தெரு, பச்சை கேட்டு. மாடியில இருக்காங்க. ஷீபாதான் கதவத் தொறந்தா. எளைச்சுப் போயிருக்கா. "வாம்மா"ன்னா. பைய வாங்கி வச்சா. எனக்குப் பிடிக்கும்னு ஊளி மீன் குழம்பு வச்சிருந்தா. ஆல்வின் ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு, "கடையில வேலை இருக்கு அத்தை, நீங்க பேசிக்கிட்டு இருங்க"ன்னு போயிட்டான். வேலை இருந்திருக்கும்.

ஏழாவது குறிப்பப் பத்தி அவன் ஒரு வார்த்தை எடுக்கலம்மா. மறந்துட்டான் போல.

என்னத்தப் பேச? தண்ணி லாரி எத்தன நாளைக்கு ஒருக்க வருதுன்னு கேட்டேன். மாடியில வெக்கையான்னு கேட்டேன். அவளும் பதில் சொன்னா. என் முட்டிக்கு எண்ணெய் சூடு பண்ணித் தேய்ச்சுவிட்டா. அவ கை என் முட்டியில இருக்கும்போது எனக்குத் தாங்கல. ஆறுதலா ஒண்ணு சொல்லணும்னு தோணிச்சு.

"எல்லாம் ஆண்டவர் சித்தம்ட்டி. ஆனா ஒண்ணு. அன்னைக்கு அந்தச் சங்கிலி ஜெபம் வீண் போகல. பிள்ளை உண்டாச்சுல்லா? நாங்க கேட்டத ஆண்டவர் குடுத்துட்டாரு"ன்னேன்.

தேய்ச்சுக்கிட்டு இருந்த கைய எடுத்தா.

"ரெண்டு நாளைக்குன்னுதான் கேட்டீங்களாம்மா?"

கோவமா கேக்கல. அப்படித்தான் போலன்னு தெரிஞ்சுக்கிடக் கேக்குற மாதிரி கேட்டா. எந்திரிச்சுப் போயிக் கைய சோப்புப் போட்டுக் கழுவினா. நான் சொன்னதுல தப்பு இல்ல. ஆனா சொல்லியிருக்க வேண்டாமோ என்னவோ.

இன்னைக்குக் காலையில புறப்படுற நேரம்தான் கேட்டேன். அதுக்குத்தானே வந்தேன்.

"பாப்பா பேரச் சொல்லுட்டி."

துணி மடிச்சுக்கிட்டு இருந்தா. "எதுக்கும்மா?"

"எதுக்கா? என் பேத்தி பேரு எனக்குத் தெரிய வேண்டாமா?"

"சொன்னா நீ எழுதுவ."

"எழுத மாட்டேன்."

"எழுதாம இருக்க உனக்குத் தெரியாதும்மா. உன்னையத் திட்டல. உனக்குத் தெரியாது, அவ்வளவுதான். நீ நல்லதுன்னு நெனச்சு எந்திரிச்சு நிப்ப. ரோஸ்லின் சித்தி அழுவாங்க. பிறகு முப்பத்தஞ்சு வீட்டுல அவ பேரு இருக்கும். யாருக்கும் அவளத் தெரியாது."

"யாருக்கும் சொல்ல மாட்டேன். நான் ஒருத்தி மட்டும் ஜெபிக்கிறதுக்கு."

அப்பத்தான் துணியக் கீழ வச்சுட்டு என்னைப் பாத்தா. "செத்தவங்களுக்கு நாம ஜெபிக்கிறது கிடையாது, அவங்க ஆண்டவர் கையில இருக்காங்கன்னு நீதானம்மா எனக்குச் சொல்லிக்குடுத்த? தாத்தா செத்தப்ப நான் ஜெபிச்சதுக்கு அடிச்ச. அப்ப எதுக்கு உனக்குப் பேரு?"

அவ சொன்னது சரிதான். எங்க சபையில செத்தவங்களுக்கு ஜெபம் கிடையாது. நான்தான் சொல்லிக்குடுத்தேன், அவளுக்கு மட்டுமா, அந்த ஊருல பாதிப் பேருக்கு. நின்னேன். அவ கொஞ்ச நேரம் பாத்தா. நான் எதாவது சொல்லுவேன்னு காத்துக்கிட்டு இருந்தாளோ என்னவோ. நான் ஒண்ணும் சொல்லல. திரும்பவும் துணிய எடுத்து மடிக்க ஆரம்பிச்சா.

ஆல்வின்தான் வண்டியில கொண்டாந்து பஸ் ஏத்திவிட்டான். தண்ணி பாட்டில் வாங்கிக் குடுத்தான். படியில ஏறும்போது கேட்டேன், "நீயாவது சொல்லு தம்பி. கல்லறையில எழுதியிருக்கும்ல்லா?"

"இன்னும் கல்லு வைக்கல அத்தை."

"ஒரு வார்த்தைதானப்பா."

"அது ஒண்ணுதான் அத்தை அவளுக்குன்னு இருக்கு"ன்னான். கண்டக்டர் விசில் அடிச்சுட்டான்.

பிடிவாதக்காரன். ஆனா எனக்கு வழி இல்லாம இல்ல. ஞானஸ்நானம் குடுத்தா ரெஜிஸ்தர்ல எழுதணும். மதுரையில எந்த ஐயரு, எந்தக் கோயிலுன்னு கண்டுபிடிக்க எங்க ஐயரம்மாவுக்கு ஒரு போன் போட்டாப் போதும். அஞ்சு நிமிஷ வேலை. பஸ்ஸு கிளம்பினதும் போன எடுத்தேன். நம்பர் வரைக்கும் போயிட்டேன். பிறகு உள்ள வச்சுட்டேன். ஏன் வச்சேன்னு தெரியல.

யாருகிட்டயும் சொல்லலம்மா நான். ஆல்வின் சொன்ன வார்த்தையக் காப்பாத்திட்டேன். ரோஸ்லின்கிட்டக் கூட மதுரைக்குக் கண்ணு காட்டப் போறேன்னுதான் சொன்னேன். உங்கிட்டத்தான் சொல்லுறேன், நீ யாரோ. உனக்கு ஷீபாவ எங்க தெரியப் போகுது?

இரு, போன் அடிக்கி.

...ரோஸ்லின்தான். நாலு மணிக் கூட்டத்துக்கு வந்துருவீங்களா டீச்சர்னு கேக்கா. வந்துருவேன்னேன். உங்க வீட்டுக் குறிப்பு எதுவும் உண்டா, இப்பவே எழுதி வைக்கட்டுமான்னா. உன் காதுலயும் விழுந்திருக்கும்ல்லா, நான் என்ன சொன்னேன்னு? இல்லன்னேன். இருபத்தாறு வருஷத்துல நான் இல்லன்னு சொன்னது இதுதான் முதல் தடவ. "ஒண்ணுமே இல்லையா டீச்சர்?"னு ரெண்டு தடவ கேட்டுட்டா. அவளுக்கே நம்ப முடியல.

என்னம்மா? நீ ஏன் அழுத? உனக்கும் அப்படி ஒண்ணு... வேண்டாம்மா. சொல்லாத. எங்கிட்டச் சொல்லாத. மனசுல வச்சுக்கோ. உன் அம்மா இருந்தா அவங்ககிட்ட... அதுவும் நீயே பாத்துக்கோ. இந்தா, தண்ணி குடி.

எட்டயபுரம் தாண்டியாச்சா? நான் கவனிக்கவே இல்ல.

அவ கேட்டாளே, எதுக்கு உனக்குப் பேருன்னு. அங்க நிக்கும்போது எனக்கு வரல பாரு. வண்டியில வரும்போதும் வரல. இப்ப உங்கிட்டப் பேசிக்கிட்டு இருக்கும்போதுதான் வருது. ஜெபிக்கிறதுக்கு இல்லம்மா. ஜெபம் கிடையாதுன்னு எனக்குத் தெரியாதா? நோட்டுல எழுதவும் இல்ல. சாயங்காலம் கூட்டம் முடிஞ்சு வீட்டுக்குப் போவேன். கதவத் தொறப்பேன். உள்ள யாரும் இருக்க மாட்டாங்க. அப்ப ஒரு தடவ கூப்பிடணும். அதுக்குத்தான்.

கூப்பிடுறதுக்குத்தான்னு சொல்லியிருக்கணும்.